இலவச வைத்தியம் உண்டு; குடும்ப வைத்தியர் எங்கே?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த சனசமூக நிலையக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட பொருள் கேள்வி வடிவில் அமைந்திருக்கின்றது. "குடும்பத்துக்கென வைத்தியர் ஒருவரைத் தேடிக்கொள்ளுமிடத்து அரசாங்க வாசலுக்குச் செல்வதா, தனியார் வாசலுக்குச் செல்வதா?" என்பதே அக்கேள்வி. இங்கு கூடியிருக்கும் உத்தியோகத்தரிற் பலர் இக்கேள்விக்குத் தமக்குள்ளே விடை கண்டுவிட்டார்கள். மாலையில் தனியார் வைத்தியரின் வாசலிற் காத்திருக்கின்றார்கள். கமக்காரரிற் பலரும் விடை கண்டுவிட்டார்கள். காலையில் பிரதேச வைத்தியசாலை வரிசையில் நிற்கின்றார்கள். அறுவடைக் காசு கையிலிருக்கும் மாதங்களில் மாத்திரம் வாசலை மாற்றிக்கொள்கின்றார்கள். ஆகவே, இன்று நடப்பது தெரிவு அன்று. பணப்பையின் கனம் எந்த வாசலுக்குத் தள்ளுகின்றதோ அந்த வாசலுக்குச் செல்கின்றோம். இந்நிலை சரிதானா என்பதை ஆராய்வதே என் நோக்கம்.

குடும்ப வைத்தியர் என்பவர் யார்?

முதலிற் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். காய்ச்சலுக்கு மருந்து எழுதுபவரெல்லாம் குடும்ப வைத்தியராகிவிடார். வீட்டிலுள்ளோரின் நோய் வரலாற்றை அறிந்தவர். தந்தைக்கு நீரிழிவு இருந்தது என்பதைக் கேளாமலே நினைவிற் கொண்டு மகனின் குருதியைச் சோதிப்பவர். எந்த நோயைத் தாமே பார்க்கலாம், எதனை விசேட வைத்தியரிடம் அனுப்பவேண்டும் என்று தீர்மானிப்பவர். அனுப்பிய பின்னும் நோயாளியைக் கைவிடாதவர். இத்தகையவரே குடும்ப வைத்தியர். அவருக்குப் பணத்தை நாம் கொடுக்கின்றோமா, அரசாங்கம் கொடுக்கின்றதா என்பது இரண்டாவது கேள்வி. அவர் நம்மை அறிவாரா என்பதே முதற் கேள்வி.

இது வெறும் உணர்ச்சி வார்த்தையன்று. நோர்வே நாட்டிலே 2001 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொருவரும் ஒரு குறித்த வைத்தியரிடம் பதிவு பெற்றிருக்கும் ஒழுங்கு உண்டு. ஏறத்தாழ நாற்பத்தைந்து இலட்சம் மக்களின் பதிவுகளைக் கொண்டு அங்கு செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2022 இல் வெளிவந்தது. ஒரே வைத்தியரிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சென்றவர்களிடையே, ஓராண்டு மாத்திரம் சென்றவர்களிலும் பார்க்க, இறப்பு ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைவாகவும், அவசரமாக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது அதனிலும் சற்றுக் கூடுதலாகக் குறைந்தும் காணப்பட்டது. இத்தகைய ஆய்விலே காரணம் இன்னதுதான் என்று முற்றாக நிறுவிவிட முடியாது. ஆயினும், பரிச்சயம் தானே ஒரு மருந்தாகும் என்பதற்கு இதைவிட வலிய சான்றைத் தேடவேண்டியதில்லை.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். நோர்வே வைத்தியரிற் பெரும்பாலோர் அரசாங்கச் சம்பளக்காரர் அல்லர். தமது நிலையத்தைத் தாமே நடத்துகின்றார்கள். பதிவு பெற்றவர்களின் தொகைக்கேற்பப் பொது நிதியிலிருந்து பணம் பெறுகின்றார்கள். நோயாளி சிறு கட்டணம் மாத்திரம் செலுத்துகின்றார்.

பிரித்தானியாவிலும் ஏறத்தாழ இதே கதைதான். 1948 யூலை 5 ஆம் தேதி அங்கு தேசிய சுகாதார சேவை ஆரம்பமானபோது, சம்பளத்துக்கு வேலை செய்யும் அரசாங்க ஊழியராக மாட்டோம் என்று குடும்ப வைத்தியர்கள் போர்க்கொடி உயர்த்தினார்கள். சுகாதார மந்திரி அனைரின் பெவன் அவர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தார். தொழில் அவர்களுடையது, செலவு அரசாங்கத்தினுடையது, தெரிவு நோயாளியினுடையது என்று ஏற்பாடாயிற்று. அங்கும் இன்று குறைகள் உண்டு. 2004 முதல் தனி வைத்தியரிடமன்றி வைத்திய நிலையத்திலேயே பதிவு செய்யப்படுவதால், பழைய பரிச்சயம் தளர்ந்துவிட்டது என்று அந்நாட்டவரே முறையிடுகின்றனர். ஆனால், தனியாரா அரசாங்கமா என்று நாம் நினைப்பதுபோல இரண்டே வாசல்கள்தாம் உலகில் உண்டு என்பதில்லை. இதனை மனதிற் பதித்துக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

நாம் பெற்ற செல்வம்

இலங்கையின் இலவச வைத்தியம் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வாக்குரிமை பெற்ற மக்கள், வைத்தியசாலை இல்லாத ஊரில் வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் வைத்தியசாலை கேட்டார்கள். நாட்டுப்புறங்களில் வைத்தியசாலைகள் பெருகின. 1951 இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது. 1977 இல் அதுவும் ஒழிந்தது. இருபத்தைந்து சதம் அற்பம் என்று எண்ணுவோர், அந்தச் சதமும் இல்லாத வீடுகள் உண்டு என்பதை மறந்துவிடுகின்றனர்.

நம் பகுதிக்கும் தனி வரலாறு உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் இங்கு வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். நோயாளியின் மொழியை அறியாதவன் நோயை அறியான் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். 1930களிலே மூளாயில் ஊரவர் ஒன்றுகூடிக் கூட்டுறவு வைத்தியசாலை ஒன்றை நிறுவினார்கள். அது அரசாங்கத்தினுடையதுமன்று, இலாபத்துக்காக நடத்தப்பட்ட தனியார் நிலையமுமன்று. அங்கத்தவரின் பணத்தால் அங்கத்தவருக்காக நடந்தது. மூன்றாவது வாசலொன்றை நம் முன்னோர் தாமே கட்டிக் காட்டினார்கள் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

அரசாங்க வாசலின் நிறையும் குறையும்

இன்று நாட்டில் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரிற் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரசாங்க வைத்தியசாலைகளிலேயே தங்குகின்றனர். பெருநோய், சத்திரசிகிச்சை, மகப்பேறு, விபத்து என்று வரும்போது பணக்காரரும் பெரும்பாலும் அங்கேயே செல்கின்றார். ஆனால், படுக்கையில் விழாமல் நடந்து சென்று வைத்தியரைக் காணும் நோயாளரை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழப் பாதிப் பேர் தனியாரிடம் செல்கின்றனர். உயிர் போகுமிடத்து நம்பப்படும் அரசாங்கம், தலையிடிக்கும் நீரிழிவுக்கும் ஏன் கைவிடப்படுகின்றது?

காரணத்தை வெளிநோயாளர் பிரிவின் வாங்கிற் குந்தியிருப்பவர் அறிவார். விடியற்காலையில் இலக்கம் எடுக்கவேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு அரைநாள் போய்விடும். தோட்டத்துக்கு நீர் இறைக்கவேண்டியவருக்கு ஒரு முறை தண்ணீர் தவறிவிடும். உள்ளே சென்றால், சென்ற மாதம் பார்த்த வைத்தியர் இடமாற்றம் பெற்றிருப்பார். புதியவருக்குக் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கும்போது பின்னால் நிற்பவர் முதுகில் இடிப்பார். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்தும் தட்டுப்பட்டது. வெளியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியர் பலர் கடல்கடந்து சென்றனர். எஞ்சியோர் மேல் இருவர் சுமை விழுந்தது. நாள் ஒன்றுக்கு நூறு பேரைப் பார்க்கவேண்டிய வைத்தியர் ஒருவரிடம் அன்பில்லை என்று குறை சொல்வது நீதியாகாது. அவரிடம் இல்லாதது நேரம்.

தனியார் வாசலின் நிறையும் குறையும்

தனியார் வாசலிலே கதிரை உண்டு. வைத்தியர் பெயர் சொல்லி அழைப்பார். மாலையிலும் காணலாம். ஏழையிடம் பணம் வாங்காது மருந்து கொடுத்தனுப்பிய கிராம வைத்தியர்கள் நம்மிடையே பலர் வாழ்ந்தனர். இன்றும் சிலர் வாழ்கின்றனர். அவர்களை வணங்குகின்றேன்.

ஆயினும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். அரசாங்க வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் புறம்பே தனியாகத் தொழில் நடத்த அனுமதி பெற்றவர்கள். காலையில் இலவசமாகக் கண்ட அதே வைத்தியரை மாலையிற் பணங்கொடுத்துக் காண்கின்றோம். அவருடைய கல்வி காலைக்கும் மாலைக்குமிடையில் வளர்ந்துவிடவில்லை. பல்கலைக்கழகத்தில் இலவசமாக அவரைக் கற்பித்ததும் நமது வரிப்பணமே. மாலையில் நாம் விலைக்கு வாங்குவது ஐந்து நிமிட நேரத்தையும் ஓர் இனிய சொல்லையுமே. இவை இரண்டும் காலையிலேயே நமக்குரியவை அல்லவா?

தனியார் வாசலில் ஓர் ஆபத்தும் உண்டு. இருமலுக்கு ஒருவர், முழங்கால் நோவுக்கு இன்னொருவர், குருதியமுக்கத்துக்கு முன்பதிவு செய்து காணும் விசேட வைத்தியர் என்று நாம் அலைகின்றோம். ஒருவர் எழுதியதை மற்றவர் அறியார். ஒரே மருந்து இரண்டு வர்த்தகப் பெயர்களோடு ஒரே வீட்டுக்கு வந்து சேர்கின்றது. இரண்டையும் விழுங்குகின்றோம். கட்டணம் வாங்குபவர் நம்மைத் திருப்திப்படுத்தவும் விரும்புவார். கேட்ட ஊசியும் கேட்ட பரிசோதனையும் தேவைக்கு மேலாகக் கிடைத்துவிடுவதுண்டு.

கமக்காரருக்குச் சில வார்த்தை

வட மத்திய மாகாணத்தில் வயல் வேலை செய்வோரிடையே பரவிய சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தின் சில கிராமங்களையும் தொட்டிருக்கின்றது. அதன் காரணம் இன்னும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. ஆரம்பத்தில் அந்நோய் எவ்வித நோவும் காட்டாது. குருதியையும் சிறுநீரையும் சோதித்தாலன்றித் தெரியவராது. வெயிலில் வேலை செய்து, போதிய தண்ணீர் குடியாமல், இடுப்பு நோவுக்கு மருந்துக்கடையில் நோவுக் குளிசை வாங்கி ஆண்டுக்கணக்காக விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்குளோபினாக், இபுபுறொபென் முதலியன அத்தகையவை. இவற்றைத் தானாக வாங்கி உண்ணும் ஒருவருக்கு வைத்தியர் ஆயிரம் பேர் இருந்தும் பயனில்லை. அவர் என்ன உண்கின்றார் என்பதை அறிந்த வைத்தியர் ஒருவரே தேவை.

பாம்பு கடித்தால் வாசலைத் தெரிவு செய்யும் நேரமில்லை. புடையனோ நாகமோ தீண்டியவரைத் தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். விஷமுறி மருந்தும் அதனைக் கொடுத்துப் பழகிய வைத்தியரும் அங்கேயே உண்டு. நெஞ்சு நோவுக்கும், திடீரெனக் கை கால் விளங்காமற் போவதற்கும் இதுவே விதி. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். 2016 இல் தெற்கிலும் மேற்கிலும் ஆரம்பமான அச்சேவை 2018 இல் வடக்குக்கும் வந்தது.

வைத்தியரைத் தெரிவதெப்படி?

அவசரமில்லாத நோய்களுக்கு எந்த வாசலுக்குச் சென்றாலும் சில கேள்விகளை மனதில் வைத்துச் செல்லுங்கள். அவர் இலங்கை மருத்துவச் சபையிற் பதிவு பெற்றவரா? நாம் பேசும் மொழியில் நோயை விளக்குகின்றாரா? மருந்தின் மூலப் பெயரை வாசிக்கக்கூடியதாக எழுதித் தருகின்றாரா? பரிசோதனை எதற்கென்று கேட்டாற் கோபியாது சொல்கின்றாரா? விசேட வைத்தியரிடம் அனுப்பும்போது கடிதம் கொடுத்து, திரும்பி வந்தபின் பதிலைப் பார்க்கின்றாரா? "இன்று மருந்து வேண்டாம்" என்று சொல்லும் துணிவு அவருக்கு உண்டா? இவற்றுக்கு ஆம் என்று விடை வந்தால், அவரை விட்டு வேறெங்கும் அலையாதீர்கள்.

மூலப் பெயரைப் பற்றி இன்னுமொரு சொல். பேராசிரியர் சேனக பிபிலே வகுத்த மருந்துக் கொள்கையின் பயனாக 1971 இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. ஆடம்பரப் பெயருக்கு ஏன் அதிக விலை கொடுக்கவேண்டும் என்பது அவர் கேட்ட கேள்வி. அக்கேள்வி இன்றும் ஒவ்வொரு மருந்துக்கடை வாசலிலும் கேட்கப்படவேண்டியதே.

வீட்டுக்கு வீடு, ஆளுக்கொரு கொப்பி வேண்டும். நோய், மருந்து, அளவு, ஒவ்வாமை, பரிசோதனை முடிவு ஆகியவை அதில் எழுதப்படட்டும். கிளினிக்குக்குச் செல்வோர் ஏற்கனவே கிளினிக் கொப்பி வைத்திருக்கின்றனர். தனியாரிடம் செல்லும்போது அதை வீட்டில் ஒளித்துவைத்துச் செல்வதே நம் வழக்கம். அதனை எல்லா வாசலுக்கும் கொண்டுசெல்லுங்கள். வைத்தியர் மாறினாலும் நம் கதை மாறாதிருக்கும்.

நாம் கேட்கவேண்டியது என்ன?

இதுவரை கூறியவை தனி மனிதருக்குரியவை. இனி ஒரு சமுதாயமாக நாம் செய்யவேண்டியதைக் கூறி முடிக்கின்றேன்.

இலவச வைத்தியம் நமக்கு உண்டு. இலவசக் குடும்ப வைத்தியர் இல்லை. இது முடியாத காரியம் என்பாருக்கு ஒரு சான்று காட்டுவேன். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. அம்முறை நாடெங்கும் பரவியதன் பயனாக, இன்று ஒவ்வொரு கிராமத்துக்கும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் உண்டு. நம் தாய்மார் மருத்துவமாது என்று அழைக்கும் அவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுக்கின்றது. ஆயினும், அவர் பெயரை நாம் அறிவோம். நம் பெயர் அவருடைய பதிவேட்டில் உண்டு. கருவுற்ற பெண் வராவிட்டால் அவரே படலையைத் திறந்து வருகின்றார். 1930களில் ஓர் இலட்சம் பிறப்புக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் மாண்ட இந்நாட்டில், அத்தொகை இன்று ஐம்பதுக்கும் குறைவு. மலேரியா ஒழிப்பும் வைத்தியசாலைகளும் புதிய மருந்துகளும் அதிற் பங்கு கொண்டன. ஆனால், வீட்டையும் வைத்தியசாலையையும் இணைத்தவர், பெயர் தெரிந்த அந்தப் பெண்ணே. தாய்க்கும் சேய்க்கும் செய்ததைத் தந்தைக்கும் பாட்டிக்கும் செய்ய முடியாதா? இன்று இந்நாட்டின் இறப்புகளிற் பத்தில் எட்டுப் பங்கு நீரிழிவு, மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் நிகழ்கின்றது. இவை ஒரு நாள் மருந்தால் தீராதவை, ஆண்டாண்டாகக் கண்காணிக்கப்படவேண்டியவை.

கொழும்பு இதனை அறியாததன்று. ஒவ்வொரு குடும்பத்தையும் அயலிலுள்ள ஆரம்ப வைத்திய நிலையத்திற் பதிவு செய்து, அந்நிலையத்தைப் பெரிய வைத்தியசாலையோடு இணைக்கும் கொள்கை 2018 இல் வகுக்கப்பட்டது. உலக வங்கி 200 மில்லியன் டொலர் கடனும் வழங்கியது. கொள்கை காகிதத்தில் இருக்கின்றது. அது நம் ஊர் வாங்கில் வந்து அமர்ந்ததா என்று கேட்பது நம் உரிமை.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி கிராமத்து வைத்தியசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. போதனா வைத்தியசாலை மத்திய அரசாங்கத்தின் கையில் இருக்கின்றது. எனவே, நம் ஊர் நிலையத்தின் நிலைமைக்கு மாகாணமே முதலிற் பதில் சொல்லவேண்டும். ஆனால், 2018 ஒக்டோபரிற் பதவிக்காலம் முடிந்த வட மாகாண சபை, அதன்பின் ஆண்டுக்கணக்காக மக்கள் பிரதிநிதிகளின்றியே கிடந்தது. கேள்வி கேட்பதற்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாத சபை வெறும் கட்டடமே. அதிகாரப் பகிர்வு என்பது மேடையில் முழங்குவதற்கு மாத்திரம் உரிய சொல்லன்று. கிராம நிலையத்தில் இரு வைத்தியர் நிலையாக இருப்பது, அவர்கள் தமிழிற் பேசுவது, மாலையில் இரண்டு மணி நேரம் கதவு திறந்திருப்பது, வருவோரின் பதிவேடு பேணப்படுவது ஆகியவையே அதிகாரப் பகிர்வின் உரைகல்.

உத்தியோகத்தரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதவும் வாதாடவும் தெரிந்த நீங்கள் வரிசையை விட்டு விலகியபோது, அவ்வரிசையிற் குரல் இல்லாமற் போயிற்று. கமக்காரர் தனியே நிற்கின்றார்; அவர் முறையிட்டால் எவர் கேட்பார்? மாலையிற் பணம் கொடுத்து உங்கள் குறையை நீங்கள் தீர்த்துக்கொள்கின்றீர்கள். ஊரின் குறை அப்படியே இருக்கின்றது. ஓய்வூதியம் பெறும் நாளில், மூன்று நோய்க்கு மாதாமாதம் மருந்து வாங்கும் நிலை வரும்போது, நீங்களும் அதே வரிசைக்குத் திரும்புவீர்கள். அன்று அது எந்நிலையில் இருக்கவேண்டும் என்பதை இன்றே தீர்மானியுங்கள்.

ஒவ்வொரு அரசாங்க வைத்தியசாலைக்கும் நோயாளர் நலன்புரிச் சங்கமொன்று அமையலாம். அமைந்த இடங்களில் அதிற் சேருங்கள். அமையாத இடங்களில் அமையுங்கள். உங்கள் நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் அயலிலுள்ள நிலையத்திலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். மருந்து இல்லையெனில், இல்லாத மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி மாகாணப் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம், "எங்கள் ஊர்க் குடும்ப வைத்தியர் யார்? அவர் பெயரைச் சொல்லுங்கள்" என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

1930களில் வைத்தியசாலை கேட்ட மக்கள் வைத்தியசாலை பெற்றார்கள். நம்மை அறிந்த வைத்தியரை நாம் இன்னும் உரத்துக் கேட்கவில்லை. கேட்போமாக.